பாறை நகரத்தில் சாக்பீஸ்

பஸ்ஸில் நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். அதில் நாற்பத்திரண்டு பேர் கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள். நெற்றியில் விபூதியோடு ஏறியவன் நான் ஒருவன்தான். ஜோர்டான் நாட்டுப் பாலைவனத்தில், பெட்ரா என்கிற பாறை நகரத்துக்குப் போகும் பஸ் அது. நான் அதில் இருந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. வயிற்றெரிச்சல்.

யார்மேல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் நான் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸ் கிளார்க். பி.காம். படித்தவன். திருவாலங்காட்டுப் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் நஞ்சை இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொள்ள, நான் வேலைக்கு வந்தேன். நான் சொல்ல வந்த ஆள், அவன், எனக்கு இரண்டு வருஷம் கழித்து அதே கம்பெனியில் லோடு இறக்குகிற ஆளாகச் சேர்ந்தான். எட்டாவது வரை படிப்பு. அவனுடைய அப்பா அம்மா பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த நாட்களில் நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அவனோடு பேசினேன். ஓய்வு பெறும்போது அவனும் நானும் ஒரே கிரேடு.

என் பிரிவு உபசாரத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். எட்டு மாதம் கழித்து அவனுக்கு நடந்தபோது கேன்டீன் கொள்ளவில்லை. நூற்றுப் பத்து வரை எண்ணினேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

பாறை நகரம் என்னுடையது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் ஏஜென்ட் ஒருவர் ஸ்டோர்ஸுக்குக் கொடுத்த காலண்டரில் மார்ச் மாதத் தாளில் அந்தப் படம் இருந்தது. இருட்டான இரண்டு பாறைச் சுவர்கள். நடுவில் ஒரு கீற்றாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ரோஜா நிறத்தில் தூண்கள். மாதம் முடிந்ததும் அதை வெட்டி, ரெஜிஸ்டர் வைக்கிற இரும்பு பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒட்டினேன். பத்தொன்பது வருஷம் அது அங்கே இருந்தது.

"இன்னா சார் இது, கோயிலா?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"கல்லறைன்னு சொல்றாங்க. கட்டினது இல்ல. மலையை மேலேர்ந்து கீழ வரைக்கும் செதுக்கிக்கினே வந்தது. ஒரு கல்லு மேல இன்னொரு கல்லு கிடையாது."

"மாமல்லபுரம் மாரி."

"மாமல்லபுரம் இதுல ஒரு மூலைக்குக் காணாது."

"நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றுமுதல் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவன் "உங்க ஊரு" என்றான். சரி, எப்போதாவது ஒருநாள் போவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையனிடம் இரண்டு தடவை சொன்னேன். "போலாம்பா, பாக்கலாம்பா" என்றான். அவன் அம்பத்தூரில் இருக்கிறான். பாக்கலாம்பா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு காலையில் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தபோது, “உங்க ஊரு” என்று சொன்னவன் பின்னாலிருந்து தோளைத் தட்டினான்.

"சார், எங்க சபையில ஜெருசலேம் டூர் போறாங்க. பத்து நாளு. போற வழியில உங்க பாறை ஊரு வருதாம். பொண்ணு அனுப்பி வைக்கிறேன்னு சொல்லிடுச்சு."

அவன் பெண் குவைத்தில் நர்ஸ். நான் "நல்லது" என்றேன். அரிசியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஜெருசலேம் போய் வந்தவர்கள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஜெ.பி. என்று போட்டுக்கொள்வார்கள். ஜெருசலேம் பயணி என்று அர்த்தம். நான் மூன்று வருஷம் படித்து வாங்கிய பி.காம். இந்த நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது. அதுவும் என் கல்யாணப் பத்திரிகை. எட்டாவது படித்தவன் பத்து நாளில் இரண்டு எழுத்து வாங்கிவிடுவான். போகிற வழியில் என் நகரத்தையும் பார்த்துவிடுவான். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாலாவது நாள் அவனே வீட்டுக்கு வந்தான். ஒரு அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம், வரவில்லையாம்.

"ஒரு சீட்டு காலியா கீது சார். பாஸ்டர் கிட்ட கேட்டுட்டேன். சபை ஆளுதான் வரணும்னு இல்லியாம். வரீங்களா?"

என் நகரத்துக்கு எனக்கு இடம் வாங்கித் தருகிறவன் அவன். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் வருகிறேன் என்றேன். அவன் போன பிறகு என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்தே பேசினாள்.

"ஆலங்காட்டுக் கோயிலுக்கு ஆருத்ராவுக்கு கூப்ட்டா முட்டி வலிக்குதும்பீங்க. ஜெருசலேமுக்கு வலிக்காதா?"

"நான் போறது ஜெருசலேமுக்கு இல்ல."

"அவரு போறாருன்னு போறீங்க. எனக்குத் தெரியாதா?"

பாஸ்போர்ட் இருந்தது. பையன் ஒரு காலத்தில் சிங்கப்பூர் கூட்டிப்போகிறேன் என்று எடுக்கச் சொன்னது. முப்பத்தாறு பக்கமும் வெறுமையாக இருந்தது.

ஜோர்டான் தலைநகர் அம்மானில் இறங்கி மூன்றாம் நாள் பெட்ரா. விமானத்தில் அவனுக்கு ஜன்னல் சீட்டு, எனக்கு நடு சீட்டு. ஓட்டலில் அவன் அறையில் பால்கனி, என் அறையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல். எங்கள் கைடு இங்கிலீஷ் பேசுகிற உள்ளூர்க்காரர். இரண்டாம் நாளே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய இங்கிலீஷ் அந்தக் கூட்டத்தில் முழுதாகப் புரிந்தவன் நான்தான். என்னை அவர் "சார்" என்றுகூடச் சொல்லவில்லை, "யூ" என்றார்.

பெட்ராவின் வாசலில் முட்டி முடியாதவர்களை பேட்டரி வண்டியில் ஏற்றினார்கள். வயதானவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு அவனும் ஏறினான்.

"சார், வாங்க. எடம் கீது."

"நான் நடந்து வரேன்."

என் முட்டி அவன் முட்டியைவிட மோசம். ஆனால் அந்தப் பாறை இடுக்கின் வழியாக நடந்துபோய், கடைசித் திருப்பத்தில் அந்த ஒரு கீற்றைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருஷம் யோசித்திருக்கிறேன். அதை வண்டியில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

நடந்தேன். இரண்டு பக்கமும் பாறை சுவராக ஏறிப்போயிற்று. மேலே வானம் ஒரு முழ அகலத்துக்குத் தெரிந்தது. சில இடங்களில் பாறை மரத்தில் ரேகை ஓடுகிற மாதிரி சிவப்பும் மஞ்சளும் கருநீலமுமாக ஓடியது. அந்தக் காலத்தில் தண்ணீர் வருவதற்குப் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால் இடுப்பு உயரத்தில் கூடவே வந்தது. திருப்பங்களை எண்ணினேன். பதினாலாவது திருப்பத்தில் ஹாரன் அடித்தார்கள்; சுவரோடு ஒட்டி நின்றேன். மூன்றாவது வண்டியில் அவன் தொப்பியை ஆட்டிக்கொண்டே போனான்.

முப்பத்தோராவது திருப்பத்தில் வெளிச்சம் மாறியது. நான் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கால் வைத்தேன். இருட்டு, கீற்று, தூண்கள். காலண்டரில் இருந்தபடியே இருந்தது. அந்தக் கீற்றின் நடுவில், என் தூண்களுக்கு முன்னால், கையை விரித்துக்கொண்டு அவன் நின்றான்.

"வாங்க சார், வாங்க. உங்க ஊட்டுக்கு நான் முன்னாடி வந்துட்டேன்."

சபைக்காரர்கள் சிரித்தார்கள். யாரோ எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. அவன் சிரிக்கிறான். நான் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி இருக்கிறேன்.

கீழ் வரிசையில் ஆறு தூண்கள். அதில் ஒன்று விழுந்துபோய்ப் பிற்காலத்தில் கட்டியது என்று கைடு சொன்னார். எது என்று கண்டுபிடிக்க நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன், "மூணாவது சார், நெறம் மாறுது பாருங்க" என்றான். குழாய்க் கட்டுக்குள் வேறு ரகம் கலந்திருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் அவன். அதுவும் எனக்கு மிஞ்சவில்லை.

அப்போதுதான் கைடு மடத்தைப் பற்றிச் சொன்னார். நகரத்தைத் தாண்டிப் போனால், மலை மேல் இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. மடம் என்று அழைக்கிறார்கள். எண்ணூறு படிக்கு மேல். முடிந்தவர்கள் மட்டும் போகலாம். இரண்டு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். சரியாக எத்தனை படி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்றார். சபைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டர், நாம் இங்கேயே பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பலாம் என்றார்.

நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். நாற்பத்து மூன்று பேரில் ஒருவன் மட்டும் பார்த்த ஒன்று எனக்கு வேண்டும். ஆளுக்கு ஒன்று சொல்கிற அந்தக் கணக்கை நான் சரியாகச் சொல்லவும் வேண்டும்.

"நானும் வரேன் சார்," என்றான் அவன். "தனியா போவாதீங்க."

"உனக்கு எதுக்கு? ஒடம்பு இருக்கிற இருப்புக்கு."

"மெதுவா வரேன். உங்க ஊட்டுக்காரம்மா கிட்ட பதில் சொல்றது யாரு?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எண்ணுவதற்கு எனக்கு அவன் தேவைப்பட்டான்.

ஸ்டோர்ஸில் சரக்கு எண்ணும்போது ஒரு கண்டிப்பு உண்டு. எண்ணுகிறவன் குறி போடக்கூடாது; குறி போடுகிறவன் எண்ணக்கூடாது. ஒருவன் குழாய்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே போவான். நூறு வந்ததும் குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவன் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பான். கடைசியில் கோடுகளைப் பார்த்தால் கணக்கு. எண்ணியவன் தடுமாறினாலும் கோடு தடுமாறாது. முப்பது வருஷம் நான் எண்ணினேன், அவன் இழுத்தான். ஓய்வுக்குப் பிறகும் எளாவூர் பக்கம் ஒரு லாரி யார்டில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த யார்டு வேலைக்காக அவன் பேன்ட் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் கிடக்கும். ஜோர்டானுக்கும் அது வந்திருந்தது.

கல்லில் வெட்டிய நாடக அரங்கத்தையும் உடைந்த தூண்கள் நிற்கிற கடைத்தெருவையும் தாண்டிப் படிக்கட்டின் அடிக்கு வந்தபோது பத்தே கால். நான் இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான் எண்ணுறேன். நூத்துக்கு ஒரு கோடு. ஓரமா, சின்னதா. நடுவுல பேசக் கூடாது."

"எங்க சார் போடறது?"

"பக்கத்துப் பாறையிலதான். வேற எங்க?"

இரண்டாயிரம் வருஷத்துக் கல்லில் சாக்பீஸால் கோடு இழுக்கலாமா என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது சரக்கு. சரக்கை எண்ணினால் குறி போட வேண்டும்.

ஏறினோம். படிகள் ஒரே அளவில் இல்லை. சில படிகள் முழங்கால் உயரம். சில தேய்ந்து சறுக்குப் பலகையாகிவிட்டன. அதைப் படியென்று எண்ணுவதா வேண்டாமா என்று நான் ஒவ்வொன்றிலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனேன். கழுதைகள் இறங்கி வந்தன. வழி நெடுக உள்ளூர்ப் பெண்கள் துணி விரித்து மாலையும் துப்பட்டாவும் விற்றார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் அவன் ஒவ்வொரு கடையிலும் நின்று, தமிழில் "நல்லா கீறீங்களா" என்று கேட்பது காதில் விழுந்தது. அவர்களும் ஏதோ பதில் சொன்னார்கள்.

நூறு. இருநூறு. ஒவ்வொரு முறையும் நான் குரல் கொடுத்தேன். பின்னால் கல்லில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு ஒரு தைரியம் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். முந்நூறில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். நானூறில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீ இறங்கிடேன்" என்றேன். "நூறு நூறாத்தானே சார், போலாம்" என்றான். ஐந்நூறில் அவன் எனக்கு இருபது படி கீழே இருந்தான். குரல் கொடுத்துவிட்டு அவனுக்காக நிற்காமல் நடந்தேன்.

ஐந்நூற்று முப்பத்தெட்டில் கீழேயிருந்து அதட்டல் கேட்டது. அரபி. அப்புறம் இங்கிலீஷ். "நோ, நோ, வாட் இஸ் திஸ்."

திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் கட்டம் போட்ட துணியைத் தலையில் கட்டிய ஒரு கிழவர், சட்டையில் காவல் அடையாள அட்டை, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாறையில் வெள்ளைக் கோடு இங்கிருந்தே தெரிந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சார். சார், ஒரு நிமிஷம். இவரு இன்னா சொல்றாருன்னு புரியல."

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். கோடு போடச் சொன்னதும் நான்தான். முப்பத்தெட்டு படி இறங்கினால் போதும்.

என் வாயில் எண் இருந்தது, பதில் பேசினால் எண் போய்விடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது வேறு. இனி மேலே நான் மட்டும்தான் போவேன். அவன் வரமாட்டான். அவ்வளவுதான். ஐந்நூற்று முப்பத்தொன்பது என்று சொல்லி அடுத்த படியில் கால் வைத்தேன்.

இன்னொரு தடவை "சார்" என்றது கேட்டது. அதன்பிறகு கேட்கவில்லை.

என் கணக்கில் எண்ணூற்று இருபத்தாறு. அந்தப் படியில் நின்றபோது முட்டிக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தது. படி முடிந்து ஒரு மேடு. மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் ஒரு வெட்டவெளி. அதன் வலது பக்கத்தில் மலையே முகமாக நின்றது. கீழே பார்த்தது அளவானது, அழகானது. இது அப்படி இல்லை. வாசல்படியே என் மார்பு உயரம். உச்சியில் ஒரு கல் கலசம். அதற்கு அடியில் பறந்துகொண்டிருந்த பறவை ஈ அளவுக்குத் தெரிந்தது. இங்கே ஒருவரும் சாந்து பூசவில்லை, சாரம் கட்டவில்லை; மலையைக் கழித்துக் கழித்து மிச்சம் விட்டதுதான் இது.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எதிரே பதினெட்டு பேர். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒரே ஆரஞ்சை உரித்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். எண்ணூற்று இருபத்தாறு என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். "எயிட் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி சிக்ஸ் ஸ்டெப்ஸ்" என்றேன். "ஓ, ஓகே" என்றாள்.

பதினைந்து நிமிஷம் இருந்திருப்பேன். பத்தொன்பது வருஷக் கதவு, பத்து நாள் டூர், பதினைந்து நிமிஷம். அதில் பாதி, கீழே அவனை என்ன செய்திருப்பார்கள் என்ற யோசனை. பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ. பாஸ்போர்ட் கைடு கையில் இருக்கிறதா, அவன் கையில் இருக்கிறதா. ஊருக்குப் போய் அவன் வீட்டம்மாவிடம் என்ன சொல்வது. "படி எண்ணிக்கினு இருந்தேன்மா" என்றா.

இறங்கும்போது எண்ணவில்லை. கோடுகளைத் தேடிக்கொண்டே இறங்கினேன். அவன் பிடிபட்ட இடத்தில் கோடு இல்லை. பாறையில் துடைத்த திட்டு மட்டும் வெளிறித் தெரிந்தது. ஆளும் இல்லை. அதற்குக் கீழே நானூறு, அங்கேயும் துடைத்திருந்தது. முந்நூறில் அவன் தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது. குனிந்து எடுத்தேன்.

படியை விட்டு ஒதுங்கி, இருநூறுக்குப் பக்கத்தில் ஒரு குகை வாசல். அதற்கு முன்னால் அவனுடைய துண்டு அலசிக் காயப்போட்டிருந்தது. உள்ளே நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எதிரில் அந்தக் காவல் கிழவர்.

"வாங்க சார்," என்றான். "குந்துங்க. டீ கீது. ஏதோ தழை போட்டுக் கீறாரு, நல்லா கீது."

நான் நின்றுகொண்டே கேட்டேன். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார். தொடைன்னாரு, தொடைச்சேன். அஞ்சு கோடும் எங்க கீதுன்னு நானே காட்டிட்டேன். ஒருத்தன் தண்ணி ஊத்த, ஒருத்தன் தொடைக்க, ரெண்டு பேருமா எறங்கிட்டோம். எதுக்குப் போட்டேன்னு கேட்டாரு போல. கைய காட்டி படிய எண்ணினேன்னு சொன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. வாங்கன்னு இங்க இஸ்துகினு வந்துட்டாரு."

"எண்ணினேன்னா? நீ எண்ணினியா?"

"இல்லேன்னா இன்னா சார் சொல்றது? நீங்கதான் மேல போய்க்கினு இருந்தீங்களே."

அவன் குரலில் ஒன்றுமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவன் சொல்ல ஆரம்பித்தான். கிழவர் பிறந்ததே இந்தக் குகைகளில் ஒன்றிலாம். சர்க்கார் எல்லோரையும் வெளியே வேறு ஊரில் குடிவைக்கும்வரை குடும்பம் குடும்பமாக இங்கேதான் இருந்தார்களாம். பின்பக்கம் ஒரு சந்தில் கூட்டிப்போய், கம்பிக் கதவைத் திறந்து, அவர் பிறந்த அறையைக் காட்டினாராம். கூரையெல்லாம் பட்டுப் புடவை விரித்த மாதிரி நிறநிறமாக ஓடுகிறதாம். ஒரு மூலையில் மட்டும் அடுப்புப் புகை பட்டுக் கறுப்பு. நடுவில் ஒரு கொக்கி. அதில்தான் அவருடைய அம்மா தூளி கட்டியிருந்தாளாம்.

"இதெல்லாம் உனக்கு எப்படிப் புரிஞ்சுது? உனக்குத்தான் இங்கிலீஷ் வராதே."

"கைய இப்பிடி இப்பிடி ஆட்டினாரு சார். கொழந்த மாரி அழுது காட்டினாரு. தூளிதானே, இதுக்கு இன்னா இங்கிலீஷு."

நான் கிழவரிடம் என் நல்ல இங்கிலீஷில் கேட்டேன். அந்த அறையை நானும் பார்க்கலாமா. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே ஏதோ சத்தம் கேட்டது. யாரோ பாறையில் ஏறுகிறார்கள் போல. எழுந்து, அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். சாவி அவர் இடுப்பில் ஆடியது. மணி பன்னிரண்டு ஐம்பது. வாசலுக்கு நாலு கிலோமீட்டர்.

நடக்கும்போது அவன் கேட்டான். "மேல எப்பிடி சார் இருந்துது?"

"பெருசு."

"எவ்ளோ வந்துது?"

"எண்ணூத்தி இருபத்தாறு."

"ஐந்நூறுக்கு அப்பால குறி இல்லியே சார். ஸ்டோர்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க," என்று சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் ஜெ.பி. ஆனான். சபையில் மைக் பிடித்துப் பேசினான். கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவுக்குப் பிறகு கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் கூடுவோம். அங்கேயும் அவன்தான் கதை சொன்னான். பெட்ரா கதையை மட்டும் நாலு ஞாயிறு சொன்னான். அவன் சொன்ன கதையில் அவனுக்குத்தான் மூச்சு வாங்கிப் பின்தங்கியது. நான் எப்போதோ மேலே போய்விட்டேன். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. "சாரு எங்கயோ உச்சியில. நான் இங்க கையும் சாக்பீஸுமா மாட்டிக்கினேன். பேஜாராயிடுச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். என்னை மலை ஏறியவன் என்று பார்ப்பார்கள். அந்த வயதில் எண்ணூறு படியா என்பார்கள். நான் வாங்க நினைத்த பெயரை அவனே தூக்கி என் கையில் கொடுத்தான். அதையும் அவன்தான் கொடுத்தான்.

நாலாவது ஞாயிறு அவன் அந்த இடத்துக்கு வந்தபோது நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அவன் கூப்ட்டான். எனக்குக் கேட்டுது," என்றேன். "ரெண்டு தடவை கூப்ட்டான். நான் எறங்கல."

பெஞ்சில் ஒருவர் பிஸ்கட்டை டீயில் முக்கியபடி பிடித்திருந்தார். அது உடைந்து விழுந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தெரியும் சார். திரும்பிப் பாத்தீங்களே."

"தெரிஞ்சா ஏன் மாத்திச் சொல்ற?"

"வேற எப்பிடி சார் சொல்றது? முப்பது வருஷம் ஒண்ணா எண்ணிக்கினு, இத போய் சொல்லிகினு இருப்பாங்களா?"

அப்புறம் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ஈரத் துண்டு, கிழவர், கம்பிக் கதவு, கூரையில் ஓடுகிற நிறங்கள், தூளிக் கொக்கி. மற்ற மூன்று பேரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். நானும் கேட்டேன். அத்தனையும் சொல்லி முடித்த பிறகும், அந்த அறையை அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை என்பது எனக்கு வயிற்றில் எரிந்துகொண்டேதான் இருந்தது.

"எத்தனை நிறம் இருந்துது?" என்று கேட்டேன்.

"எண்ணல சார்," என்றான்.